மனதை ஆற்றும் ஒலி: மரபும் மருத்துவச் சான்றும்

போரில் புண்பட்டு வந்த வீரன் வீட்டில் படுத்திருக்கிறான். வீட்டுக் கூரை இறவாரத்தில் இரவ மரத் தழையும் வேப்பிலையும் செருகப்படுகின்றன. யாழோடு பல கருவிகள் ஒலிக்கின்றன. வெண்கடுகு தூவி, குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பி அவனைக் காக்கிறார்கள் பெண்கள். புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார் காட்டும் காட்சி இது. அகநானூற்றின் 102ஆம் பாடலில் தினைப்புனத்துக்கு வந்த யானை, கொடிச்சி பாடும் குறிஞ்சிப் பண்ணில் மயங்கி, கதிரையும் தின்னாமல், நின்ற இடம் விட்டும் பெயராமல் உறங்கிப்போகிறது. பாலைப் பண் கேட்ட வழிப்பறிக் கள்வர் கையிலிருந்த ஆயுதத்தை நழுவவிட்டதாகப் பொருநராற்றுப்படை சொல்கிறது. வலி, உறக்கமின்மை, சினம் ஆகிய மூன்றையும் ஒலி தணிக்கும் என்ற நம்பிக்கை தமிழருக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையானது.

இன்று அதே நம்பிக்கை வேறு உருவங்களில் வீட்டுக்குள் வருகிறது. கைபேசியில் மழையோசை, யூடியூபில் எட்டு மணி நேர உறக்க இசை, வார இறுதியில் ஒலிக் குளியல் வகுப்பு, நோய்க்கு ஒரு ராகம் என்று பட்டியலிடும் நூல்கள். இவற்றுள் எதற்குச் சான்று உண்டு, எதற்கு இல்லை? கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் தெளிவான ஒரு விடை கிடைக்கிறது. ஒலி மனப் பதற்றத்தைக் குறைக்கிறது, வலியின் கடுமையைத் தணிக்கிறது, உறக்கத்துக்கு உதவுகிறது. இது மூச்சு, கவனம், பழக்கம், நினைவு ஆகியவற்றின் வழியே நடக்கிறது. நோயைக் குணமாக்கும் மந்திர அதிர்வெண் என்று ஒன்று இருப்பதற்குச் சான்று இல்லை.

எதை ஒலி சிகிச்சை என்கிறோம்?

ஒரே பெயரில் நான்கு வேறு செயல்கள் வழங்குகின்றன. முதலாவது, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நோயாளியோடு அமர்ந்து, அவர் நிலைக்கேற்பப் பாடியும் வாசித்தும் பாடவைத்தும் நடத்தும் இசை சிகிச்சை. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்கள் நிறைந்த அமெரிக்க மருத்துவமனைகளில் இசைக்கலைஞர்கள் ஆற்றிய பணியிலிருந்து இது தனித் தொழிலாக வளர்ந்தது. 1944இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. நம் பக்கத்தில், புதுச்சேரியின் ஸ்ரீபாலாஜி வித்யாபீடம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே இசை சிகிச்சைக்கான கல்வி, ஆய்வு மையத்தை நடத்துகிறது.

இரண்டாவது, சிகிச்சையாளர் இல்லாமல் பதிவுசெய்த இசையை நோயாளி கேட்பது. மருத்துவமனை ஆய்வுகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது, கிண்ணம், காங் எனும் உலோகத் தட்டு, மணி போன்றவற்றின் நீண்ட அதிர்வில் படுத்திருக்கும் ஒலிக் குளியல். நான்காவது, ஓங்காரம், செபம், முனகல், கூட்டுப்பாடல் என்று நம் குரலையே பயன்படுத்துவது. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றின் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஆகவே இவற்றைத் தனித்தனியே பார்ப்பது நல்லது.

காதிலிருந்து நாடிவரை

கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூட முடியாது. உறங்கும்போதும் காது வேலை செய்கிறது. உட்காதின் காக்ளியாவிலுள்ள மயிர்ச்செல்கள் காற்றின் அதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுகின்றன. அந்தச் சைகை மூளைத்தண்டு, தலாமஸ் வழியாக மூளையின் கேட்புப் புறணியை அடைகிறது. இடையிலேயே அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவுக்கும் ஒரு கிளை போகிறது. அதனால்தான் பட்டாசு வெடித்தால், என்ன சத்தம் என்று புரிவதற்கு முன்பே உடல் துள்ளுகிறது. திடீர் ஒலி பரிவு நரம்பு மண்டலத்தை எழுப்புகிறது. நாடி ஏறுகிறது, தசை இறுகுகிறது. மெதுவான, எதிர்பார்க்கக்கூடிய ஒலி இருக்கும் இடத்தில் துணைப் பரிவு நரம்புகள் மேலோங்க வழி கிடைக்கிறது. நாடி தணிகிறது, மூச்சு நீள்கிறது.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 2006இல் 'ஹார்ட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. 24 பேருக்குப் பலவகை இசையை ஒலிக்கவிட்டு மூச்சு, இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஆகியவற்றை அளந்தார்கள். இந்திய ராக இசையும் அவற்றுள் ஒன்று. இசையின் வகையைவிட அதன் வேகமே உடலை அதிகம் ஆட்டுவித்தது. விரைவான இசையில் மூச்சும் துடிப்பும் ஏறின. ஆனால், உடல் மிகவும் தளர்ந்தது இசை ஒலித்தபோது இல்லை. நடுவே இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது. கவனத்தைக் கூட்டி வைத்திருந்த ஒலி விலகியதும், இசை தொடங்குவதற்கு முன்பிருந்த நிலையைவிடவும் உடல் இறங்கிவந்தது. ஒலி சிகிச்சையில் மௌனத்துக்கும் பங்குண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒலி எப்போதும் எதிர்பார்த்தபடி வேலை செய்யும் என்று சொல்லவும் முடியாது. 2013இல் சூரிச் பல்கலைக்கழகத்தின் மிரியம் தோமா குழு, உடல்நலமுள்ள 60 பெண்களை மூன்றாகப் பிரித்தது. ஒரு குழு அமைதியான தேவாலய இசையைக் கேட்டது. ஒரு குழு நீரோட்டத்தின் சலசலப்பைக் கேட்டது. மூன்றாவது குழு எதையும் கேட்காமல் ஓய்ந்திருந்தது. அதன்பின் எல்லோரும் நடுவர் முன் பேசவும், மனக்கணக்குப் போடவும் வேண்டியிருந்தது. அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால், இசை கேட்ட குழுவில்தான் மிக அதிகமாக இருந்தது; நீரோசை கேட்ட குழுவில் மிகக் குறைவு. அதே சமயம், அழுத்தம் முடிந்தபின் இசைக் குழுவின் தன்னியக்க நரம்புகள் மற்றவர்களைவிட விரைவில் பழைய நிலைக்குத் திரும்பின. ஒரு பாடலை ஒலிக்கவிட்டால் போதும், அழுத்தம் போய்விடும் என்ற எளிய கூற்று இந்த ஓர் ஆய்விலேயே உடைந்துபோகிறது. எந்த ஒலி, யாருக்கு, எப்போது என்ற மூன்று கேள்விகளும் எப்போதும் நிற்கின்றன.

அறுவை அரங்கின் வாசலில்

மிக வலுவான சான்று கிடைப்பது இங்கேதான். அறுவை சிகிச்சைக்காகக் காத்திருக்கும் நேரம் கொடியது. பச்சை உடை மாட்டி, நகைகளைக் கழற்றி உறவினர் கையில் கொடுத்துவிட்டு, சக்கரக் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உள்ளே உலோகக் கருவிகள் உரசும் ஓசை கேட்கிறது. யாரோ யாரையோ அவசரமாக அழைக்கும் குரல் கேட்கிறது. அவருடைய பதற்றத்துக்கு ஒரு காரணம் காது வழியாகவே வருகிறது.

மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அறுவைக்கு முந்தைய பதற்றத்தைப் பற்றிய 26 ஆய்வுகளை, 2,051 நோயாளிகளை ஒருங்கே எடுத்துக்கொண்டது. இசை கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. 2015இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு இன்னும் பெரியது. எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள், ஏறக்குறைய 7,000 நோயாளிகள். அறுவைக்கு முன்போ, நடுவிலோ, பின்போ இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மாத்திரையின் தேவையும் குறைந்தது. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்கும் ஓரளவு பலன் தெரிந்தது. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை.

2019இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள், நரம்பை மரக்கச் செய்யும் ஊசிக்கு முன் 157 பேரில் ஒரு பாதிக்கு மிடசோலம் என்ற அமைதி மருந்தையும் மறுபாதிக்கு ஹெட்ஃபோனில் மென்மையான இசையையும் கொடுத்துப் பார்த்தார்கள். பதற்றம் குறைந்த அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மருந்துக்குள்ள பக்கவிளைவுகளை எண்ணிப் பார்த்தால் இது பெரிய செய்தி. இசைக் குழுவில் ஒரு குறையும் தெரிந்தது. காது மூடியிருந்ததால் மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வது கடினமாயிற்று. நோயாளிகளின் மனநிறைவு மருந்துக் குழுவில் சற்றுக் கூடுதலாக இருந்தது. நோயாளிக்கு மருத்துவர் குரலும் தேவை என்பதை ஹெட்ஃபோன் மாட்டுபவர்கள் மறந்துவிடக் கூடாது.

உறக்கம்

ஹங்கேரியில் நடந்து 2008இல் வெளியான ஆய்வொன்றில் உறக்கக் குறையுள்ள 94 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினர் மூன்று வாரம், படுக்கும் நேரத்தில் 45 நிமிடம் செவ்வியல் இசை கேட்டார்கள். இன்னொரு பகுதியினர் அதே நேரம் ஒலிநூல் கேட்டார்கள். மற்றவர்கள் எதுவும் கேட்கவில்லை. இசை கேட்டவர்களுக்கு உறக்கம் மேம்பட்டது. ஒலிநூல் கேட்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சொற்கள் கதையின் பின்னால் மனதை இழுத்துப்போகின்றன; சொல்லில்லாத மெல்லிசை மனதை விட்டுக்கொடுக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 2022இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வும், 13 சோதனைகளின் அடிப்படையில், உறக்கமின்மை உள்ளவர்கள் உணரும் உறக்கத் தரத்தை இசை மேம்படுத்துகிறது என்று முடிவுக்கு வந்தது. ஒரே இரவில் பலன் தேடக் கூடாது. தொடர்ந்து கேட்கும்போதுதான் அந்த இசையே உறக்கத்தின் அறிவிப்பாக உடலில் பதிகிறது.

தொட்டிலும் முதுமையும்

தாலாட்டு உலகின் பெரும்பாலான மொழிகளில் உண்டு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் கேட்டே அறியாத அயல்மொழித் தாலாட்டைக் கேட்டபோதும் கைக்குழந்தைகளின் இதயத் துடிப்பு தணிந்தது. அதே மொழிகளின் வேறு வகைப் பாடல்களுக்கு அந்த அளவு தணியவில்லை. மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அந்த மெட்டின் அமைப்பிலேயே ஆற்றும் தன்மை இருக்கிறது.

அமெரிக்க இசை சிகிச்சையாளர் ஜோஆன் லூவி, 11 மருத்துவமனைகளில் 272 குறைப்பிரசவக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. கருப்பையின் நீரோசையையும் தாயின் இதயத் துடிப்பையும் நினைவூட்டும் இரு எளிய கருவிகள். அவற்றோடு பெற்றோரே தேர்ந்தெடுத்த பாடலைத் தாலாட்டாக மெதுவாக்கி நேரில் பாடுதல். குழந்தைகளின் இதயத் துடிப்பு தணிந்தது. உறிஞ்சிக் குடிக்கும் திறனும் உறக்கமும் மேம்பட்டன. பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பிள்ளையைத் தொடவும் பயந்து நிற்கும் தாய்க்கு, பாடுவது என்ற ஒரு வேலை கிடைப்பதே பெரிய ஆறுதல்.

வாழ்வின் மறுகோடியில் மறதி நோய். பெயர்கள் மறந்து, முகங்கள் மறந்துபோன முதியவர் இளமையில் கேட்ட பாட்டின் அடுத்த அடியைத் தவறாமல் பாடுவதைப் பல குடும்பங்கள் கண்டிருக்கின்றன. டிமென்ஷியா நோயாளிகளின் மனச்சோர்வை இசை சார்ந்த சிகிச்சை குறைக்கக்கூடும் என்று காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. கிளர்ச்சியையும் முரண்டையும் குறைப்பதில் பெரிய பலன் தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நினைவை மீட்டுத் தரும் மருந்தாக இசையைக் காட்டுவது தவறு. நல்ல பொழுது ஒன்றைத் தர அதனால் முடியும். அதுவே மதிப்புள்ளது.

நம் குரலே கருவி

பிறர் இசையைக் கேட்பதில் உடல் பின்தொடர்கிறது. தானே பாடும்போது உடல் முன்னால் நடக்கிறது. பெர்னார்டி குழு 2001இல் 23 பேரிடம் நடத்திய ஆய்வில், கத்தோலிக்கரின் செபமாலையும் 'ஓம் மணி பத்மே ஓம்' மந்திரமும் ஒரே விளைவைத் தந்தன. இரண்டும் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைத்தன. இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் அனிச்சைச் செயல் வலுப்பட்டது. மதம் வேறு, மொழி வேறு; மூச்சின் நீளம் ஒன்று. திருப்புகழ் சந்தத்திலோ, கூட்டுவழிபாட்டின் பதிலுரையிலோ, ஓதலிலோ நாம் பெறும் அமைதிக்கு இந்த நீண்ட வெளிமூச்சும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, அமைதியாக மூச்சு விடும்போது வெளிவருவதைப்போலப் பதினைந்து மடங்கு இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் கண்டார்கள். பிராமரி பிராணாயாமம் என்னும் யோக மூச்சுப் பயிற்சியில் நடப்பதும் இந்த முனகல்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, 'ஓம்' என்று ஒலிக்கும்போது மூளையின் உணர்ச்சிப் பகுதிகளின் செயல்பாடு குறைவதையும், 'ஸ்ஸ்' என்று ஒலிக்கும்போது அப்படிக் குறையாததையும் படம்பிடித்தது. அதில் பங்கேற்றவர்கள் 12 பேர் மட்டுமே. நல்ல தொடக்கம், இறுதி முடிவு ஆகாது.

சான்று மெலிந்த இடங்கள்

திபெத்தியப் பாடும் கிண்ணங்களின் ஒலியில் தியானம் செய்த 62 பேரிடம் பதற்றம், சினம், சோர்வு குறைந்ததாக 2017இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. ஒப்பிட வேறு குழு இல்லை. அமைதியான அறையில் ஒரு மணி நேரம் கண்மூடிப் படுத்திருந்தாலே பாதிப் பலன் வந்திருக்குமா என்று அந்த ஆய்வால் சொல்ல இயலாது. இனிமையான அனுபவம் என்ற அளவில் ஒலிக் குளியலுக்குப் போகலாம். நோய் தீரும் என்று பணம் கட்டக் கூடாது.

இருசெவித் துடிப்பு என்பது, இரு காதுகளுக்கும் சற்றே மாறுபட்ட அதிர்வெண்களைத் தந்தால் அவற்றின் வேறுபாட்டை மூளை ஒரு துடிப்பாக உணர்வது. ஜெர்மானிய இயற்பியலர் ஹைன்ரிக் டோவ் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டது. துடிப்பு உண்மை, அது மூளையலைகளை விரும்பியபடி திருப்பிவிடும் என்பதற்கான ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 432 ஹெர்ட்ஸ் இயற்கையின் சுருதி என்ற பேச்சும் இப்படியே. உலக இசைக்கருவிகளுக்கு 440 ஹெர்ட்ஸ் என்பது வசதிக்காகச் செய்துகொண்ட தர ஏற்பாடு. எட்டு ஹெர்ட்ஸ் இறக்கினால் நோய் தீரும் என்பதற்கு அடிப்படை இல்லை.

ராக சிகிச்சையைப் பற்றி நாம் கூடுதல் பொறுப்போடு பேச வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் சீடரின் வயிற்று நோய் தீர நவக்கிரகக் கீர்த்தனை பாடினார் என்ற செவிவழிச் செய்தி நம் இசையுலகில் வாழ்கிறது. நீலாம்பரி தாலாட்டுக்குரிய ராகம் என்று கேள்வி ஞானம் உள்ளவர் எல்லோரும் சொல்வார்கள். மெதுவான விளம்ப காலத்தில், சுரங்களை நீட்டி நிறுத்தும் கார்வைகளோடு அது பாடப்படும்போது மனம் அடங்குவது உண்மை. ஆனால், இந்த ராகம் சர்க்கரைக்கு, அந்த ராகம் இரத்தக் கொதிப்புக்கு என்ற பட்டியல்களுக்குப் பின்னால் தரமான சோதனைகள் இல்லை. பட்டியலை நம்பி மாத்திரையை நிறுத்தியவருக்கு நேரும் தீங்குக்கு எந்த ராகமும் பொறுப்பேற்காது.

இரைச்சலைக் குறைப்பதே முதல் சிகிச்சை

நல்ல ஒலியைச் சேர்ப்பதற்கு முன் கெட்ட ஒலியை நீக்க வேண்டும். மேற்கு ஐரோப்பாவில் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுதோறும் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கிய ஆண்டுகள் இழக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2011இல் கணக்கிட்டது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம்; அங்கே பகலில் 50, இரவில் 40. பேருந்து நிலையத்தை ஒட்டிய எந்த அரசு மருத்துவமனை வாசலிலும் ஐந்து நிமிடம் நின்றால், காற்று ஒலிப்பானே இந்த விதியின் நிலையைச் சொல்லிவிடும்.

அமைதிக்காக வாங்கும் கருவியும் இரைச்சலாகலாம். குழந்தைகளை உறங்கவைக்கும் 14 ஒலிக் கருவிகளை 2014இல் சோதித்தபோது, மூன்று கருவிகள் 30 சென்டிமீட்டர் தூரத்தில் 85 டெசிபலைத் தாண்டின. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஹெட்ஃபோன் மாட்டி உறங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

நடைமுறையில்

பிடித்த, பழகிய, மெதுவான இசையைத் தேர்ந்தெடுங்கள். பிறர் பரிந்துரைத்ததே சிறந்தது என்று எண்ண வேண்டாம். உறக்கத்துக்குச் சொல் குறைந்த இசை நல்லது. பக்கத்தில் பேசுபவர் குரல் கேட்கும் அளவுக்கு ஒலியைத் தாழ்த்துங்கள். அரை மணி முதல் முக்கால் மணி வரை, ஒரே நேரத்தில், சில வாரங்கள் தொடருங்கள். முடிந்ததும் இரண்டு நிமிடம் மௌனமாக இருங்கள். காலையில் சில நிமிடம் முனகுங்கள் அல்லது பாடுங்கள். குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை. காது இரைச்சல், வலிப்பு, கடும் மனச்சோர்வு, பழைய அதிர்ச்சியின் நினைவுகள் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். எந்தப் பாட்டு நெஞ்சைக் கனக்கவைத்துப் பழைய துயரத்துக்குள் இழுக்கிறதோ அதை நிறுத்துங்கள்.

முடிவுரை

சான்றுகளை ஒருசேர நோக்கினால், ஒலி நல்ல துணை மருத்துவம். அதற்குச் செலவு குறைவு, பக்கவிளைவு மிகக் குறைவு, யாருக்கும் எட்டும். மருந்தின் இடத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது; மருந்தின் அருகில் ஓர் இடத்தை அது தன் தகுதியாலேயே பெற்றிருக்கிறது. நம் அரசு மருத்துவமனைகளில் அறுவை அரங்கின் காத்திருப்பு அறை, பச்சிளங்குழந்தைப் பிரிவு, முதியோர் வார்டு ஆகிய மூன்று இடங்களிலாவது இதை முறையாகத் தொடங்க வேண்டும். நோயாளி தன் விருப்பப் பாடலைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். அந்த வளாகங்களைச் சுற்றிய ஒலிப்பான் தடையை அதிகாரிகள் உண்மையாகவே நடைமுறைப்படுத்தட்டும். இசைக் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர்களை உருவாக்கட்டும். நம் ராகங்களையும் தாலாட்டுகளையும் முறையான சோதனைக்கு உட்படுத்தட்டும். பண்ணின் வலிமையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாடிய சமூகம், அதை நிறுவிக்காட்டும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.